வெளிநாட்டுப் படை போன பிறகு காவல் யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கூடுவார்கள். கடலூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். 2021 ஆகஸ்ட் 15, நாம் கொடியேற்றிய அதே நாளில், ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூல் தாலிபான் கையில் விழுந்தது. அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், தெருவில் இருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்) குடும்பங்கள் கேட்கின்றன, கீரை வாங்கும் இடத்தில்கூட யாராவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"படை வாபஸ்"னு பேப்பர்ல போடுறாங்களே டீச்சர், எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறதுதானே?

அது கடைசி நாள் காட்சி. அதற்கு முன் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். சண்டையில் முன்னே நிற்பது யார் என்பது மாற வேண்டும். முகாம்களும் சோதனைச் சாவடிகளும் கைமாற வேண்டும். ஏதாவது விபரீதம் நடந்தால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் மாற வேண்டும். மூன்றும் ஒரே நாளில் நடப்பது அபூர்வம்.

ஆப்கானிஸ்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூலையில் பாமியானில் ஒப்படைப்பு தொடங்கியது. 2013 ஜூனில், இனி நாடு முழுவதும் ஆப்கன் படைகளே முன்னின்று சண்டை போடும் என்று அறிவித்தார்கள். 2014 டிசம்பர் 28 அன்று, அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி நேட்டோ தன் சண்டைப் பணி முடிந்தது என்று கொடியைச் சுருட்டியது. ஆனால் அடுத்த மாதமும் சுமார் 13,000 வெளிநாட்டுப் படையினர் பயிற்சி, ஆலோசனை என்று அங்கேயே இருந்தார்கள். கடைசி அமெரிக்கச் சிப்பாய் விமானம் ஏறியது 2021 ஆகஸ்ட் 30 நள்ளிரவை ஒட்டி. "வாபஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் பத்து வருஷம் இருக்கிறது.

ஒப்படைக்கிறதுன்னா யார்கிட்ட? போலீஸ்கிட்டயா, மிலிட்டரிகிட்டயா?

இருவரிடமும்தான். எல்லையும் பெரிய சண்டையும் ராணுவத்துக்கு. தெரு, சந்தை, கோர்ட்டு, ஓட்டுச்சாவடி எல்லாம் போலீசுக்கு. வெளியிலிருந்து வருகிற நாடுகள் ராணுவத்துக்குத்தான் முதலில் பணத்தைக் கொட்டும். அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது. ஆனால் மக்கள் தினமும் பார்ப்பது போலீஸ்காரரை. அவர் மாமூல் கேட்டால், புது அரசாங்கமே கையை நீட்டுகிற மாதிரிதான் தோன்றும்.

கிழக்குத் திமோர் இதைப் பட்டுத்தான் கற்றது. 2002-இல் சுதந்திரம் வந்தது. ஐ.நா. படை சீக்கிரம் சீக்கிரமாகக் குறைக்கப்பட்டது. 2006-இல் ஏறக்குறைய 600 ராணுவத்தினர் வேலையிலிருந்து நீக்கப்பட, ராணுவமும் போலீசும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் நிலை வந்தது. வெளிநாட்டுப் படையை மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. 2009-இலிருந்து மாவட்டம் மாவட்டமாகப் போலீஸ் பொறுப்பை ஒப்படைத்து, 2011 மார்ச்சில் முடித்தார்கள். 2012 கடைசியில் ஐ.நா. கிளம்பியது.

பிரெஞ்சுக்காரங்க இங்கேருந்து போனப்ப ஒரு குண்டுகூட வெடிக்கலையாமே, நெஜமா?

கைமாறிய நாளில் வெடிக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரைக் கேட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இந்திய அரசின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார். ஆனால் சட்டப்படி ஊரைக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல்தான் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. காரியங்கள் ஒரே நாளில் முடிவதில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு நம் ஊரே சாட்சி. நாம் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என்று இரண்டு நாள் கொண்டாடுவதும் அதனால்தான்.

இது ஏன் சுலபமாக நடந்தது என்று பார்த்தால், அதற்கும் 140 வருஷம் முன்னால் போக வேண்டும். 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி பிரான்ஸ் இந்தியாவில் கோட்டை கட்டக்கூடாது. போலீஸ் வேலைக்குத் தேவையான அளவு ஆள்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால் 1954-இல் கப்பலேற்ற வேண்டிய பெரிய ராணுவம் எதுவும் இங்கே இல்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ள, சம்பளம் கொடுக்கத் திராணியுள்ள ஓர் அரசு சுற்றிலும் தயாராக நின்றது. ஏனாமும் மாஹேயும் அந்த ஜூன், ஜூலையிலேயே பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போயிருந்தன.

ஆனாலும் "அமைதியாகப் போனார்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனசு ஒப்பாது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் அவர்கள். கடைசி நாள் அமைதிக்கு முன்னால் அந்த நாளும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லித் தருகிறேன்.

அப்போ பிரெஞ்சு சர்க்கார் போலீசா இருந்தவங்களுக்கு எல்லாம் வேலை போயிடுச்சா?

இல்லை. இதை நம் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது பெரிய குறை. 1954 அக்டோபர் ஒப்பந்தத்திலேயே, பிரான்சிலிருந்து வந்த அதிகாரிகள் தவிர இங்கிருந்த அரசு ஊழியர்களை இந்திய அரசு அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். நேற்றுவரை ஒரு கொடிக்குச் சல்யூட் அடித்தவர் மறுநாள் வேறு கொடிக்கு அடித்தார்; அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை. கடற்கரைச் சாலையில் நம் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியைப் பாருங்கள். அந்தத் தொடர்ச்சியின் அடையாளம் அது.

ஈராக்கில் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். 2003 மே 23 அன்று, அமெரிக்க நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள், ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவர்கள், சம்பளமும் மரியாதையும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். பிறகு அமெரிக்கர்களை எதிர்த்துச் சண்டை போட்ட குழுக்களில் அவர்களில் பலரைப் பார்க்க முடிந்தது. புது ராணுவத்தை ஒன்றிலிருந்து எண்ணி மறுபடி கட்ட வேண்டி வந்தது.

எங்க தாத்தா சொல்தா, இந்தோசீனாவுல இருந்தவரு. அங்கயும் இப்படித்தான் ஒப்படைச்சாங்களா?

நம் ஊர்க்காரர்கள் பிரெஞ்சுப் படையிலும் அரசு வேலையிலும் வியட்நாமின் சைகோன் வரை போனவர்கள். அதனால் இந்தக் கேள்வி இங்கே வீட்டுக் கேள்வி. 1949-இல் பிரான்ஸ், பாவோ தாய் என்ற பழைய மன்னரை முன்னிறுத்தி ஒரு வியட்நாம் அரசை அமைத்தது. அதற்கு ஒரு "தேசியப் படை"யும் உருவாக்கியது. பெயர் தேசியப் படை. ஆனால் பணம் வெளியிலிருந்து வந்தது, மேலதிகாரிகள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள், மன்னரோ பெரும்பகுதி நேரம் பிரான்சில் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் ஹோ சி மின் படை "விடுதலை" என்ற ஒரே சொல்லை வைத்திருந்தது. இரண்டு படையிலும் இருந்தவர்கள் அதே வியட்நாம் கிராமத்துப் பையன்கள்தான். எந்தப் பக்கம் தன் வீடு என்று அவனுக்குத் தோன்றியது என்பதில்தான் வித்தியாசம்.

1954 மே 7-இல் தியென் பியென் பூ விழுந்தது, ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது, 1956-இல் பிரெஞ்சுப் படைத் தலைமை கிளம்பியது. புதுச்சேரி கைமாறியதும் அதே 1954. பின்னால் அமெரிக்கா அதே காரியத்தை இன்னும் பெரிதாகச் செய்தது. 1969-இல் நிக்சன், சண்டையைப் படிப்படியாகத் தென் வியட்நாம் ராணுவத்திடம் தருவோம் என்றார். 1973 மார்ச்சில் அமெரிக்கச் சண்டைப் படை போனது. 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உதவிப் பணத்தைக் குறைத்தது. எரிபொருளுக்கும் தோட்டாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது.

ஆப்கான்ல மூணு லட்சம் பேர் ராணுவம் இருந்துச்சுன்னாங்க, பத்தே நாள்ல எப்படி டீச்சர் எல்லாம் போச்சு?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆகஸ்ட் 6-இல் முதல் மாகாணத் தலைநகர் சரஞ்ச் விழுந்தது, 15-இல் காபூல். கண்ணுக்குத் தெரிந்தது பத்து நாள். ஆனால் கரையான் அரித்தது பல வருஷம்.

முதலில் அந்த மூன்று லட்சம் காகிதக் கணக்கு. இல்லாத ஆள்களின் பெயரில் சம்பளம் வாங்கிய கமாண்டர்கள் இருந்தார்கள். உண்மையாகவே இருந்தவர்களும் மலைக்கு மலை சிறு சிறு காவல் முகாம்களாகச் சிதறிக் கிடந்தார்கள். சோறும் தண்ணீரும் தோட்டாவும் ஹெலிகாப்டரில் வர வேண்டும். அந்த ஹெலிகாப்டர்களைப் பழுது பார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளிகள். 2021-இல் படையோடு அவர்களும் கிளம்பினார்கள். ரேஷன் வரவில்லை, பல மாதமாகச் சம்பளம் வரவில்லை, காயம்பட்டவனைத் தூக்க ஆள் வரவில்லை. அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, "ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொன்னால், அந்த இருபது வயசுப் பையன் என்ன செய்வான்?

இரண்டாவது, 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டது அமெரிக்காவும் தாலிபானும். காபூல் அரசு அதில் ஒரு தரப்பே இல்லை. ஆனாலும் அந்த அரசு 5,000 வரை கைதிகளை விட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தன் முதலாளியும் எதிரியும் தன்னை விட்டுவிட்டுப் பேசி முடித்துவிட்டார்கள் என்று சிப்பாய்க்குத் தெரிந்த நாளிலேயே பாதி தோல்வி வந்துவிட்டது. ஜூலை தொடக்கத்தில் பாக்ராம் விமானத் தளத்திலிருந்து அமெரிக்கர்கள் இரவில் கிளம்பினார்கள். தளத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆப்கன் தளபதி, அவர்கள் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே தனக்குத் தெரிந்தது என்றார். ஒரு சாதாரண ஆபீசில்கூட சார்ஜ் கொடுக்கும்போது சாவியைக் கையில் கொடுத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவோம்.

சண்டையே போடாம ஓடிட்டாங்கன்னு சொல்றாங்களே, கோழைங்கதானே அவங்க?

இந்த வார்த்தையை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. 2014-இல் தான் பதவிக்கு வந்ததிலிருந்து 45,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று அதிபர் அஷ்ரஃப் கனியே 2019 ஜனவரியில் சொன்னார். நாலரை வருஷத்துக்குள். அத்தனை பேரைப் புதைத்த பிறகும் மறுநாள் காவலுக்கு நின்றவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? தலைமை ஓடியது. கடைசி நாளில் கனியே நாட்டைவிட்டுப் போனார்.

இல்லாத ஆளுக்குச் சம்பளம் போகுதுன்னா, கொடுக்கிறவங்களுக்கு அது தெரியாதா?

தெரியும். ஈராக்கில் பிரதமர் ஹைதர் அல் அபாதி, நான்கு ராணுவப் பிரிவுகளில் மட்டும் 50,000 பொய்ப் பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக 2014 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே ஆண்டு ஜூனில் மோசுல் நகரம் ஏன் சில நாளில் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பிடம் விழுந்தது என்பதற்கு அது ஒரு விளக்கம்.

எனக்கு மறக்காத ஒரு செய்தி 2009-இல் ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் நடந்தது. சோதனையாக, போலீஸ்காரர்கள் சிலருக்குச் சம்பளத்தை நேராக செல்போன் வழியாக அனுப்பினார்கள். வாங்கியவர்கள் சம்பளம் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். ஏறவில்லை. அதுவரை நடுவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவு. பயிற்சி, சீருடை, துப்பாக்கி பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மாசம் பிறந்தால் முழுச் சம்பளம் கைக்கு வருகிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

ரஷ்யாக்காரன் போனப்பவும் ஆப்கான் உடனே விழுந்துச்சா?

விழவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. 1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் தளபதி போரிஸ் குரோமொவ் ஆமூ ஆற்றுப் பாலத்தைக் கடந்தார். காபூலில் சோவியத் ஆதரவில் இருந்த நஜிபுல்லா அரசு சில மாதம்கூடத் தாங்காது என்றார்கள். அந்த வசந்தத்தில் ஜலாலாபாதைப் பிடிக்க வந்தவர்களை அவருடைய படை தடுத்து நிறுத்தியது. மூன்று வருஷம் நின்றது. பணமும் எரிபொருளும் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. 1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்து உதவி நின்றது. சம்பளம் நின்றதும் தோஸ்தும் போன்ற தளபதிகள் கட்சி மாறினார்கள். 1992 ஏப்ரலில் ஆட்சி போனது. சைகோனில் நடந்ததோடு இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நம்ம அமைதிப்படை இலங்கையிலேருந்து வந்தப்ப, அங்க யாருகிட்ட ஒப்படைச்சாங்க?

கேட்டவள் கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து வரும் மாணவி. அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். 1987 ஜூலை 29 ஒப்பந்தப்படி போன இந்திய அமைதிப்படை, அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அந்த மாதம் 21-ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் அமைதிப்படையினரின் துப்பாக்கியால் செத்தார்கள். பாதுகாக்க வந்த படை என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாணத் தேர்தல் நடந்து, ஈ.பி.ஆர்.எல்.எஃப். கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1989 ஜூனில் அதிபர் பிரேமதாசா, ஜூலைக்குள் படையைத் திரும்ப எடுங்கள் என்றார்.

கிளம்ப வேண்டும் என்று ஆனதும், மாகாண அரசைக் காக்க அவசரம் அவசரமாக "தமிழ்த் தேசிய இராணுவம்" என்று ஒன்றைத் திரட்டினார்கள். ரோட்டில் போன பையன்களை, பள்ளி மாணவர்களைக்கூட, பிடித்துக்கொண்டு போய் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். தன் பிள்ளையைப் பிடித்துப் போன படையை எந்தத் தாய் தன் படை என்று நினைப்பாள்? இன்னொரு பக்கம், அமைதிப்படையை எதிர்க்கப் புலிகளுக்குக் கொழும்பு அரசே ஆயுதம் கொடுத்தது. அமைதிப்படை மாவட்டம் மாவட்டமாக விலக விலக, இந்தப் பிள்ளைகள் செத்தார்கள், சரணடைந்தார்கள், ஓடினார்கள். 1990 மார்ச்சில் முதலமைச்சரே இந்தியாவுக்கு வந்துவிட்டார். மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரரும் கிளம்பினார். ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. படகு படகாக மக்கள் ராமேஸ்வரத்துக்கு வந்தார்கள். என் மாணவியின் பாட்டி அந்தப் படகுகளில் ஒன்றில் வந்தவர்.

நான் இதில் இந்தியச் சிப்பாயைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் ஆள் பிடித்து ஒரு தேசியப் படையை உண்டாக்கலாம் என்று நினைத்தவர்கள் பதில் சொல்லவே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வங்கதேசத்துலேருந்து மட்டும் மூணே மாசத்துல வந்துட்டோமே, அது எப்படி முடிஞ்சுது?

1971 டிசம்பர் 16-இல் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 மார்ச் 12 அன்று டாக்காவில் இந்தியப் படைக்கு வழியனுப்பு அணிவகுப்பு. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், ஒப்படைக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். வங்காள விடுதலைப் படையான முக்தி வாகினி இருந்தது. பாகிஸ்தான் ராணுவத்திலிருந்து பிரிந்து வந்த வங்காளப் படைப்பிரிவுகள் இருந்தன. தேர்தலில் ஜெயித்த தலைவர் முஜிபுர் ரஹ்மான் ஜனவரி 10-இல் ஊர் திரும்பியிருந்தார். அந்தப் படைகள் தங்கள் மண்ணுக்காகத் தாங்களே சண்டை போட்டவை.

ஆனால் அதே ராணுவத்தின் அதிகாரிகள் சிலர்தான் 1975 ஆகஸ்ட் 15 அன்று முஜிபுர் ரஹ்மானைக் குடும்பத்தோடு கொன்றார்கள். படை சொந்தக் காலில் நிற்பது ஒன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு அடங்கி நிற்பது வேறு. இதைச் சொல்லாமல் வங்கதேசத்தை வெற்றிக்கதையாக மட்டும் சொல்ல முடியாது.

துப்பாக்கி, வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் குடுத்துட்டுப் போனா பத்தாதா?

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் யாரிடமாவது கேளுங்கள். போட் வாங்குவது ஒரு நாள் வேலை; இன்ஜினைப் பிரித்துப் போடத் தெரிந்த ஆளும் பாகங்களும் இல்லையென்றால் அது கரையில் கிடக்கும் கட்டை. ஆப்கன் விமானிகள் பல வருஷம் ஓட்டிப் பழகியது ரஷ்ய மி-17 ஹெலிகாப்டர். அதை மாற்றி அமெரிக்க பிளாக் ஹாக் கொடுத்தார்கள். அதைப் பழுது பார்க்க வெளிநாட்டு ஆள்தான் வேண்டும். அவர்கள் போனதும் என்ன ஆயிற்று என்று மேலே சொல்லிவிட்டேன்.

மாலத்தீவில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்களையும் விமானத்தையும் இயக்கிய நம் ராணுவத்தினர் போக வேண்டும் என்று அதிபர் முய்சு கேட்டார். 2024 மே 10-க்குள் அவர்கள் கிளம்பினார்கள்; அவர்கள் இடத்துக்கு இந்தியாவிலிருந்து சிவில் தொழில்நுட்ப ஆள்கள் போனார்கள். தீவிலிருந்து நோயாளியைத் தூக்கி வர ஹெலிகாப்டர் பறந்தாக வேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

கிளம்புற தேதிய முன்னாடியே சொல்லிட்டா எதிரி காத்துக்கிட்டு இருப்பான்ல?

காத்திருப்பான். ஆனால் தேதியே சொல்லாவிட்டால் உள்ளூர் மக்கள் "இவர்கள் போகவே மாட்டார்கள்" என்று நினைப்பார்கள். எதிரிக்கு ஆள் சேர்ப்பது அதுதான். என் கணிப்பில், தேதியை யாரோடு பேசி வைத்தார்கள் என்பதே முக்கியம். ஈராக்கில் 2008 நவம்பரில் பாக்தாத் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் தேதி இருந்தது: 2009 ஜூன் 30-க்குள் நகரங்களிலிருந்து, 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டிலிருந்து. அதன்படியே போனார்கள். பின்னால் மோசுலில் சறுக்கியது வேறு காரணங்களால். அவற்றில் ஒன்றை மேலே பார்த்தோம். இன்னொன்று, திறமையான அதிகாரிகளை நீக்கிவிட்டுத் தன் ஆள்களை நிரப்பிய உள்நாட்டு அரசியல். தோஹாவில் தேதி எதிரியோடு பேசி வைக்கப்பட்டது.

மாலி, நைஜர், செனகல்னு வரிசையா பிரான்ஸ் ராணுவம் வெளியேறுதே, அங்க என்ன ஆச்சு?

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் படையில் சேருவதால் இந்தக் கேள்வி வருகிறது. 2013 ஜனவரியில் மாலி அரசு கூப்பிட்டுத்தான் பிரான்ஸ் போனது. 2020, 2021-இல் அங்கே ராணுவப் புரட்சிகள் நடந்தன. கூப்பிட்ட அரசு போய்விட்டது; வந்தவர்களுக்கு விருந்தாளி என்ற பெயரும் போய்விட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று மாலியை விட்டுக் கிளம்பினார்கள். நைஜரில் 2023 டிசம்பர், சாட் நாட்டில் 2025 ஜனவரி, செனகலில் 2025 ஜூலை.

இவற்றை ஒரே மாதிரி எண்ணக்கூடாது. செனகலில் தேர்தலில் வந்த அரசு, பேச்சு நடத்தி, முகாம்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. மாலியில் பிரெஞ்சுக்காரர்கள் இடத்துக்கு ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தது. அதை உள்ளூர்ப் படையிடம் ஒப்படைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரங்களை விட்டுட்டு வர்றது நியாயமா?

நியாயமில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைக்குத் துணை நின்ற உள்ளூர் ஆள்களுக்கு ஹர்க்கி என்று பெயர். 1962-இல் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பெரும்பாலோரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களைப் பிரான்ஸ் முகாம்களில் அடைத்து வைத்தது. 2021 செப்டம்பரில்தான் அதிபர் மக்ரோன் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால் காபூல் விமான நிலைய வாசலில், அமெரிக்கர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள் காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரில் நின்றார்கள். ஆகஸ்ட் 26 அன்று அங்கே குண்டு வெடித்ததில் ஏறக்குறைய 170 ஆப்கானியரும் 13 அமெரிக்க வீரர்களும் செத்தார்கள்.

அதே 1962-இல் புதுச்சேரிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஆகஸ்ட் 16-இலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் இன்றும் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் வழி வந்தவை. அதே நாடு, அதே ஆண்டு, இரண்டு விதமான நடத்தை.

போனவங்கள மறுபடி கூப்பிட்டா, அது தோல்விதானே டீச்சர்?

அப்படி நினைக்க வேண்டாம். திமோர் 2006-இல் கூப்பிட்டது; அதனால்தான் இரண்டாம் தடவை ஒழுங்காக முடிந்தது. ஈராக் 2014-இல் அமெரிக்காவின் உதவியை மறுபடி கேட்டது. இந்தத் தடவை தெருவில் இறங்கிச் சண்டை போட்டவர்கள் ஈராக் வீரர்கள். வெளிநாட்டவர் வானிலிருந்தும் பயிற்சி முகாமிலிருந்தும் துணை நின்றார்கள். ஒன்பது மாதம் வீடு வீடாக நடந்த சண்டைக்குப் பிறகு 2017 ஜூலையில் மோசுல் மீட்கப்பட்டது. 2014-இல் ஓடியதும் ஈராக் ராணுவம்தான், 2017-இல் திரும்பி வந்ததும் அதுதான். நடுவில் பட்டியலிலிருந்து பொய்ப் பெயர்களை அடித்தார்கள், கமாண்டர்களை மாற்றினார்கள். அதோடு, ஐ.எஸ். ஆட்சியில் இருந்த ஊர்க்காரர்களே தங்கள் படை எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.